விரல் போனாலும் உரிமை போகாது

மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பின்பும் அந்தச் சகோதரி வாங்கிலேயே இருந்தார். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தார். அருகில் போய் இருந்து, "என்னக்கா, கையில் என்ன?" என்று கேட்டேன். மெல்ல எடுத்துக் காட்டினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

2009 இல் கணவரை இழந்தவர். ஓர் அரிசி ஆலையில் நாட்கூலிக்கு வேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் வயதான தாயையும் பார்த்து வந்தார். இயந்திரத்தின் பெல்ட்டில் கை அகப்பட்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. முதலாளி வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பின்னர் பத்தாயிரம் ரூபாவையும் ஒரு கடிதத்தையும் கொண்டு வந்தார். இனி எந்த நட்டஈடும் கேட்க மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. கையொப்பம் வைப்பதா, விடுவதா என்று கேட்கத்தான் அவர் காத்திருந்தார்.

"வைக்க வேண்டாம் அக்கா. நீங்கள் நட்டஈடு கேட்கலாம்" என்றேன்.

"அது அரசாங்க உத்தியோகத்தருக்குத்தானே மிஸ்? எங்கட ஒழுங்கையில ஒருத்தர் சிறைக்காவலர். கைதியளின்ர சண்டையில அடிபட்டவர். அவருக்குச் சம்பளத்தோட லீவு குடுத்தவை. நான் கூலிக்காரி. எனக்கு ஆர் தரப்போகினம்?"

அவர் சொன்னதில் பாதி சரி. சிறைக்காவலர் போன்ற அரச ஊழியர் கடமையில் காயமடைந்தால் தாபன விதிக்கோவையின்படி லீவும் நட்டஈடும் கேட்கலாம். ஆனால் கூலிக்கு வேலை செய்பவருக்கும் சட்டம் இருக்கிறது. அதுதான் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். நாட்கூலி என்பதோ, நியமனக் கடிதம் இல்லை என்பதோ முதலாளி தப்பிக்கொள்ளும் வழியல்ல. அவருடைய தொழிலுக்காக வேலை செய்யும்போது விபத்து நடந்தால் பொறுப்பு அவருடையது.

காயம் ஆறும்வரை வேலைக்குப் போக முடியாவிட்டால் அந்தக் காலத்துக்குக் கொடுப்பனவு உண்டு. நிரந்தரமாக உறுப்பை இழந்தால் சம்பளத்தையும் இழப்பின் வீதத்தையும் பார்த்து ஒரு தொகை கணிக்கப்படும். தொழிலாளி இறந்தால் அவரில் தங்கியிருந்தோர் கேட்கலாம். 2005 முதல் ஐந்தரை இலட்சமாக இருந்த உச்சத் தொகை, 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் ஏற்படும் விபத்துகளும் அதே திருத்தத்தால் சேர்க்கப்பட்டன.

சகோதரிகளே, இப்படி ஒன்று நடந்தால் சில விடயங்களை மறக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லச் சொல்வார்கள். சொல்லாதீர்கள். வேலையிடத்தில் நடந்தது என்று வைத்தியரிடம் கூறி, அப்படியே பதிவு செய்யும்படி கேளுங்கள். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

விபத்தை முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள். கூட வேலை செய்து கண்டவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளம் எழுதிய துண்டுகூடச் சாட்சிதான்.

நட்டஈட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. ஆனாலும் கையொப்பம் வைத்துவிட்டுப் பிறகு அலைவதைவிட, வைக்காமல் இருப்பதே நல்லது. வாசித்து விளங்காத எதிலும் கைநாட்டு வைக்காதீர்கள்.

கோரிக்கை கொழும்பிலுள்ள வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போக வேண்டும். அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் விபரம் கேட்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அந்தச் சகோதரிக்கு ஒரு பயம் மிச்சமிருந்தது. "கேஸ் எண்டு போனால் ஊரில வேற ஆரும் வேலை தருவினமே?" அந்தப் பயம் வீணானதென்று நான் சொல்லவில்லை. வேலை கொடுப்பவர்கள் நான்கு பேர் மட்டுமே உள்ள ஊரில் அது உண்மையான பயம். ஆனால் விரல் இல்லாத கைக்கு அதே ஆலை நாளை வேலை தருமா என்று மட்டும் கேட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்.

அடுத்த கிழமை அலுவலகத்துக்கு வந்தார். மூத்த மகள் கூட வந்து கோரிக்கையை எழுதினாள். தாய் இடது கையால் பேனையைப் பிடித்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் அன்று அவர் வலது கையைச் சேலைக்குள் மறைக்கவில்லை.