கேசட்டில் காத்திருக்கும் கல்யாணங்கள்

வீட்டு வீடியோவை டி.வி.டி.யில் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்தது என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

1992 மார்ச் 30. லாஸ் ஏஞ்சலஸில் ஆஸ்கர் விழா. மேடையில் ஆட்ரி ஹெப்பர்ன் அறிமுகம் செய்துவைக்க, திரையில் தெரிந்தது கொல்கத்தாவின் நர்ஸிங் ஹோம் ஒன்றின் அறை. படுக்கையில் இருந்தபடி, கையில் ஆஸ்கர் சிலையுடன், தளர்ந்த குரலில் நன்றி சொன்னார் சத்யஜித் ராய். முன்கூட்டியே படமாக்கப்பட்ட காட்சி அது. சரியாக 24 நாட்கள் கழித்து, ஏப்ரல் 23-ம் தேதி, அவர் காலமானார். அந்தச் சில நிமிடங்களை இன்றும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பத்திரப்படுத்தி வைக்க ஆஸ்கர் அகாதமி இருந்தது.

அதே காலகட்டத்தில், அதே நகரத்தில் எடுக்கப்பட்ட மற்ற வீடியோக்களுக்கு இந்த பாக்கியம் இல்லை. பாலிகஞ்சில் நடந்த கல்யாணம், லேக் மார்க்கெட் பக்கத்து உபநயனம், பேத்தியின் அன்னப்பிராசனம், தெருப்பந்தலில் துர்கா பூஜை என்று எல்லாமே பரணிலும் பீரோவின் அடித்தட்டிலும் கேசட்டுகளாகக் கிடக்கின்றன. பெரும்பாலும் ஒரே ஒரு பிரதி. போனால் போனதுதான்.

ஃபேன்ஸி மார்க்கெட் காலம்

கொல்கத்தாவில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்டில் தொடங்கியது. கலர் வந்தது 1982-ல், தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி. வீடியோ மோகமும் கூடவே வந்து சேர்ந்தது. வெளிநாட்டுச் சாமான் என்றால் கொல்கத்தாவாசிக்கு நினைவுக்கு வந்த இடம் கிதிர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஃபேன்ஸி மார்க்கெட். ஜே.வி.சி. 1976-ல் அறிமுகப்படுத்திய வி.எச்.எஸ். கேசட்தான் கல்யாண வீடியோக்காரர்களின் ஆயுதம். சோனி 1985-ல் கைக்கு அடக்கமான 8 மில்லிமீட்டர் கேமராவைக் கொண்டுவந்து ஹேண்டிகேம் என்று பெயர் வைத்தது. எந்தக் கம்பெனி கேமராவாக இருந்தாலும் நம் ஊரில் அதற்கு ஹேண்டிகேம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கொல்கத்தாத் தமிழர்களுக்கு இந்த கேசட்டுகள் கூடுதல் முக்கியத்துவம் உள்ளவை. பிரிட்டிஷ் கம்பெனிகளில் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் வேலைக்கு வந்து, ராஷ்பிஹாரி அவென்யூ, லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வேர்விட்ட சமூகம் அது. கம்பெனிகள் தலைமையகத்தை வேறு நகரங்களுக்கு மாற்ற, பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போக, தெருக்களில் தமிழ்க் குரல் குறைந்தது. வங்காளி அக்கம்பக்கத்தார் கொலுவுக்கு வந்து சுண்டல் வாங்கிப்போன அந்த வாழ்க்கைக்கு வீடியோ கேசட்டை விட்டால் வேறு சாட்சி அதிகம் இல்லை. போட்டோவில் பாட்டியின் முகம் இருக்கும். அவர் தமிழும் வங்காளமும் கலந்து பேசிய பேச்சு கேசட்டில்தான் இருக்கிறது.

காற்றே எதிரி

வீடியோ டேப் என்பது பிளாஸ்டிக் நாடா ஒன்றின் மேல் காந்தத் துகள்களைப் பசை போன்ற ஒரு பொருளால் ஒட்டவைத்த சமாசாரம். படமும் ஒலியும் அந்தத் துகள்களில் இருக்கின்றன. பசைக்கு ஈரம் ஆகாது. கொல்கத்தாவிலோ மழைக்கால மாதங்களில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தைத் தாண்டும். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவியதுபோலத் தெரிந்தால் அது பூஞ்சை. அந்த கேசட்டை அப்படியே டெக்கில் போட்டு ஓட்டினால் டேப் கிழியலாம். டெக்கின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும் பூஞ்சை அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். முகமூடி அணிந்து, நன்றாகக் காயவைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவர் கையால் துடைத்த பிறகே ஓட்ட வேண்டும்.

ஈரம் போதாதென்று வெள்ளம் வேறு. 2020 மே 20-ம் தேதி அம்பன் புயல் அடித்தபோது காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளின் புத்தகங்கள் தெருத் தண்ணீரில் மிதந்ததை நாடே பார்த்தது. புத்தகத்துக்கு இன்னொரு பிரதி எங்காவது கிடைக்கும். தரைத்தள வீட்டின் கட்டிலுக்கு அடியில் இருக்கும் கேசட் பெட்டிக்கு அது நடக்காது.

ஆனால் டேப்புக்கு முன்பாகவே இறந்துகொண்டிருப்பது அதை ஓட்டும் இயந்திரம். உலகில் கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இனி பழுதுபார்த்தவைதான். பழைய டெக்கின் ரப்பர் உருளைகள் இறுகுகின்றன, பெல்ட் தளர்கிறது, ஹெட் தேய்கிறது. ஒரு டெக்கைப் பிழைக்கவைக்க இன்னொரு டெக்கைப் பிரிக்க வேண்டிய நிலை. வேலை தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் வயதாகிறது. யுனெஸ்கோ 2019-ல் ஒலி-ஒளிக் காப்பக அமைப்புகளுடன் சேர்ந்து காந்த நாடாக்களுக்காக ஓர் எச்சரிக்கைத் திட்டமே தொடங்கியது. 2025-ஐ ஒட்டி ஓட்டும் கருவிகள் அரிதாகிவிடும் என்பதே எச்சரிக்கையின் சாரம். அந்தக் கெடு வந்தாயிற்று.

மூன்று மணி கேசட்டுக்கு மூன்று மணி நேரம்

கேசட்டை டிஜிட்டலாக்குவதில் குறுக்கு வழி கிடையாது. மூன்று மணி நேரக் கேசட்டை மூன்று மணி நேரம் ஓட்டியே ஆக வேண்டும். டெக்கிலிருந்து வரும் சிக்னலை ஒரு கருவி எண்களாக மாற்றி கம்ப்யூட்டருக்கு அனுப்ப, அங்கே அது ஃபைலாகச் சேர்கிறது. அதை அழுத்திச் சுருக்கி டிஸ்க்கில் ஏற்றுவது கடைசி வேலை.

தரம் நிர்ணயமாவது முதல் கட்டத்தில். படம் ஆடாமல் இருக்க டைம் பேஸ் கரெக்டர் என்ற வசதி உள்ள டெக் நல்லது. வாய்ப்பிருந்தால் மஞ்சள் பின் கேபிளைவிட எஸ்-வீடியோ இணைப்பு மேல். 8 மி.மீ. கேசட்டானால், படம் எடுத்த அதே கேமரா உயிரோடு இருந்தால் அதிலேயே ஓட்டுவது உத்தமம். வீட்டில் ஒரே கல்யாணத்துக்கு இரண்டு மூன்று கேசட் இருந்தால், எது மூலப்பிரதி என்று கண்டுபிடித்து அதைக் கொடுக்க வேண்டும். வி.எச்.எஸ்.ஸில் ஒவ்வொரு காப்பியும் ஒரு படி மங்கும். அமெரிக்க மருமகன் எடுத்து அனுப்பிய கேசட் என்றால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நம் நாட்டின் பால் முறையில் வினாடிக்கு 25 படங்கள், அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் ஏறக்குறைய 30. எல்லா டெக்கும் இரண்டையும் ஓட்டாது.

அடுத்தது சுருக்கும் வேலை. தொண்ணூறுகளின் பிற்பாதியிலும் அதற்குப் பின்னும் பிரபலமாக இருந்த வீடியோ சி.டி.யின் படம் 352-க்கு 288 புள்ளிகள்தான். ஒரு தட்டில் சுமார் 74 நிமிடம். டி.வி.டி.யில் 720-க்கு 576 புள்ளிகள், 4.7 ஜிகாபைட் இடம். இரண்டு மணி நேரம் ஓடும் படம் அதில் கௌரவமாக அடங்கும். காசு மிச்சமாகிறதே என்று நான்கு ஐந்து மணி நேரத்தைத் திணித்தால் அட்சதை தூவும் நேரத்தில் குட்டு வெளிப்படும். சின்னச் சின்னப் பொருட்கள் வேகமாக அசையும்போதுதான் சுருக்குவது கஷ்டம். அரிசி பறக்கும் அந்தக் கணத்தில் மணமக்களின் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும்.

கடைக்காரர் ஆசையாகச் செய்யும் 'மேம்பாடு'களையும் தடுத்துவிட வேண்டும். பழைய சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்தால் அத்தனை பேரும் குண்டாகிவிடுவார்கள். ஒலி மோசம் என்று சினிமாப் பாட்டு சேர்த்தால் நாதஸ்வரமும் தாத்தாவின் அதட்டலும் போய்விடும்.

டிஸ்க்கும் சாஸ்வதமல்ல

2000-களில் பல குடும்பங்கள் இதையெல்லாம் செய்து முடித்து, டி.வி.டி.க்கு லேபிள் ஒட்டி, கேசட்டைக் குப்பையில் போட்டன. இன்று அந்த டி.வி.டி.க்களில் சில திறக்க மறுக்கின்றன. வீட்டில் பதிவு செய்யும் டிஸ்க்கில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் வெக்கையும் அதை வெளுக்கவைக்கும். மலிவு டிஸ்க் சில வருடங்களிலேயே கைவிடலாம். டிஸ்க் நன்றாக இருந்தாலும் போடுவதற்கு இடமில்லை. புதிய லேப்டாப்களில் டிஸ்க் டிரைவ் காண்பது அரிது. சோனி 2025 பிப்ரவரியில் பதிவு செய்யும் ப்ளூ-ரே டிஸ்க், மினி டி.வி. கேசட் இரண்டின் உற்பத்தியையும் சேர்த்தே நிறுத்தியது. கேசட்டுக்கு நடந்தது டிஸ்க்குக்கும் நடக்கிறது.

இதற்கு அர்த்தம் டிஸ்க் வேண்டாம் என்பதல்ல. டி.வி.யில் போட்டுப் பார்க்க, உறவினருக்குக் கொடுக்க அது சௌகரியம். ஆனால் கடையில் டிஸ்க்கோடு, அதிகம் சுருக்காத மூல ஃபைலையும் ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்க வேண்டும். டி.வி. என்ற முறையில் பதிவு செய்தால் மணிக்கு சுமார் 13 ஜிகாபைட். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது பெரிய சுமை அல்ல. ஒரு பிரதி கொல்கத்தாவில், ஒன்று வெளியூர் மகனிடம், ஒன்று இன்டர்நெட் சேமிப்பில் என்று பிரித்து வைத்து, சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்ற வேண்டும். பார்த்து முடித்தபின்னும் கேசட்டைத் தூக்கி எறியக் கூடாது. செங்குத்தாக நிறுத்தி, உலர்ந்த அலமாரியில் வைத்தால் போதும். ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டால் அதுதான் கதி.

பொது நிறுவனங்களை நம்பியிருக்க முடியாது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு ஆவணங்களை டிஜிட்டலாக்கும் துறை இருக்கிறது. தில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் கீழ் ஒலி-ஒளிக் காப்பகம் இருக்கிறது. இரண்டின் அக்கறையும் கலை, இலக்கியம், இசை. ராயின் அப்பு படங்களின் மூல நெகடிவ்கள் 1993-ல் லண்டன் தீ விபத்தில் கருகியபோது, எஞ்சியதை மீட்கவும் உலகெங்கும் இருந்த நல்ல பிரதிகளைத் தேடிச் சேர்க்கவும் ஆட்கள் இருந்தார்கள்; 2015-ல் படங்கள் மீண்டு வந்தன. சாரு அவென்யூ சீமந்தத்துக்கு அந்த வீட்டுக்காரர்களை விட்டால் ஆளில்லை.

டிஜிட்டல் ஆனதும் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. அதற்கு கருவி எதுவும் தேவையில்லை. வீட்டிலேயே மூத்தவரை உட்காரவைத்து, ஓடவிட்டு, ஒவ்வொரு முகமாக நிறுத்தி, இது யார், எந்த ஊர், என்ன உறவு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பந்தியில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர் சின்னத் தாத்தாவா, ஆபீஸ் நண்பரா என்பது அத்தைக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அத்தைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது என்றால், முதலில் கடைக்குப் போக வேண்டியது அவர் வரும் கேசட்தான்.