எண் இறங்கியது, ஹார்மோன் அசையவில்லை

விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. இட்லி சாப்பிட்ட கையோடு சர்க்கரை மாத்திரை. எத்தனையோ வீடுகளில் அம்மாக்களின் காலை இப்படித்தான் தொடங்குகிறது. இரண்டும் வெவ்வேறு நோய்க்கு என்பதால், ஒன்றின் சங்கதியில் மற்றது தலையிடாது என்றே நம்பியிருப்போம்.

2006-இல் அமெரிக்க மருத்துவர்கள் நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நால்வருக்கும் தைராய்டு குறைபாடு. சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் எடுக்கத் தொடங்கியபின் அவர்களின் ரத்தத்தில், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்.சின் அளவு இயல்புக்கும் கீழே இறங்கியது. வழக்கமாக அதற்குப் பொருள், உடம்பில் தைராய்டு ஹார்மோன் மிகுந்துவிட்டது என்பது. அப்படியானால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும். அவர்களிடம் இந்த அறிகுறிகள் இல்லை.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை என்பதை நினைவில் வைத்தால் இந்தப் புதிர் பாதி அவிழும். அது மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. வயல் காய்ந்தால் மடையைத் திறந்து, நிறைந்தால் அடைக்கிறவரைப் போல, அந்தச் சுரப்பி ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான தைராக்ஸின் எவ்வளவு என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. குறைந்தால் டி.எஸ்.எச்.சை அனுப்பித் தைராய்டை முடுக்குகிறது. அதன் கூர்மை வியக்கவைக்கும்: தைராக்ஸின் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். நூறு மடங்குவரைகூட ஏறலாம். ஆகவேதான் மருத்துவர்கள் முதலில் அந்த எண்ணைத் தேடுகிறார்கள்.

மெட்ஃபார்மின் வயலைத் தொடுவதில்லை. மடைக்காரரின் கையைத் தொடுகிறது. டி.எஸ்.எச். இறங்கும்போதும் ரத்தத்தின் தைராக்ஸின் அளவு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸிலோ பிட்யூட்டரியிலோ மெட்ஃபார்மின் வேலை செய்வதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்னொரு விந்தை, தைராய்டு நலமாக உள்ளவர்களிடம் இந்த இறக்கம் தென்படுவதில்லை. பிரிட்டன் நோயாளிகளின் பதிவேடுகளை அலசிக் கனடா ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட முடிவும் இதையே சொன்னது. தைராய்டு குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறுபவர்களில், வேறொரு வகைச் சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களைவிட மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு டி.எஸ்.எச். தாழும் வாய்ப்பு சுமார் 55 சதவீதம் அதிகம். தைராய்டு இயல்பாக இருந்தவர்களுக்கு அப்படி ஏதுமில்லை.

என்னைக் கவலைப்படுத்துவது இதற்கு அடுத்த கட்டம். எண் தாழ்ந்ததைக் கண்டு தைராக்ஸின் மாத்திரையைக் குறைத்தால், அதுவரை சரியாக இருந்த ஹார்மோன் அப்போதுதான் உண்மையில் குறையும்; சோர்வும் மலச்சிக்கலும் திரும்பும். அதற்காகத் தாழ்ந்த எண்ணை அலட்சியம் செய்யவும் கூடாது. தைராக்ஸின் நிஜமாகவே மிகுந்திருந்தால் இதயத்துடிப்பு தாளம் தப்பும், எலும்பு தேயும். எது நடக்கிறது என்பதை தைராக்ஸினை அளக்கும் ஃப்ரீ டி4 என்ற கூடுதல் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். நாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். சர்க்கரைக்கு ஒரு மருத்துவர், தைராய்டுக்கு ஒரு மருத்துவர் என்று போகிறவர்கள், இரண்டு மருந்துச்சீட்டுகளையும் இருவரிடமும் காட்டுங்கள். மெட்ஃபார்மின் எந்த மாதம் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள்.