மண்ணின் சத்தை ஒளியால் அளத்தல்

நிலத்திற்கு எவ்வளவு உரமிட வேண்டுமென்பதைக் குடியானவர்களிற் பலர் அண்டை வயலைப் பார்த்தே தீர்மானிக்கின்றனர். இதனால் வேண்டாத சத்திற்குப் பணம் விரயமாவதும், வேண்டிய சத்துக் குறைந்து மகசூல் தாழ்வதும் உண்டு. மண்ணோ பல பொருள்கள் கலந்ததொரு கலவை. அதில் குறித்த ஒரு சத்து எவ்வளவு உள்ளதென்பதை ஒளியைக்கொண்டு அளக்கும் முறைகள் மண் பரிசோதனைச் சாலைகளில் வழங்குகின்றன.

அடுப்பு நெருப்பில் உப்பைத் தூவினால் சுடர் மஞ்சளாவதை யாவரும் கண்டிருப்பர். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். இவ்வாறே ஒவ்வொரு தனிமமும் சூடேறும்போது தனக்கே உரிய ஒளியை வீசும். ஜெர்மனி தேசத்து ஹைடல்பர்க் நகரில் புன்சன், கிர்க்காஃப் என்னும் இரு அறிஞர்கள் இவ்வுண்மையைக்கொண்டே 1860-ஆம் ஆண்டில் ஓர் ஊற்று நீரினின்று சீசியம் என்னும் புதிய தனிமத்தைக் கண்டறிந்தனர்.

சாம்பல் சத்தை அளப்பதும் இவ்வாறே. ஐந்து கிராம் மண்ணை அமோனியம் அசிடேட் கரைசலுடன் குலுக்கி வடிகட்டி, வடிநீரைப் பனிபோலச் சுடரில் தெளிப்பர். அச்சத்திற்குரிய ஒளியை மட்டும் கருவி பிரித்தெடுத்து அதன் வலிமையைக் காட்டும். மணிச்சத்திற்கோ வேறு வழி. வடிநீரில் மருந்து சேர்த்தால் நீல நிறம் தோன்றும். சத்து மிகுந்தால் நிறம் கடுமையாகி, அதனூடே செல்லும் ஒளி குறையும். முத்திரையிட்ட படிக்கல்லுடன் ஒப்பிட்டே தராசு எடை சொல்வதுபோல, அளவு தெரிந்த கரைசல்களுடன் ஒப்பிட்டே இக்கருவிகள் கணக்குச் சொல்லும்.

ஆயினும் கருவி அறிவது தன்னிடம் வந்த மண்ணை மட்டுமே. ஓர் ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்து மேல்மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. அதற்கெல்லாம் அந்த ஐந்து கிராமே சாட்சி. சாம்பற் குவியலருகே எடுத்த மண்ணில் பத்து லட்சத்தில் நூறு பங்கு சாம்பல் சத்து மிகுதியாயிருப்பின், வயல் முழுவதிலும் ஏக்கருக்குத் தொண்ணூறு கிலோ மிகுதியென்று கணக்காகும். அதை நம்பி உரத்தைக் குறைப்பவர் அறுவடையில் நஷ்டமடைவார்.

ஆதலின் மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல், வாய்க்காலோரம் ஆகியவற்றை விலக்குக. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேலுள்ள சருகை நீக்கி, 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஆப்பு வடிவில் குழி வெட்டி, அதன் பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் நன்கு கலந்து பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டை நீக்குக. அரைக்கிலோ எஞ்சும்வரை இவ்வாறே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையிலிடுக. உரமிருந்த சாக்கு உதவாது. மண்ணும் தன்மையும் வேறுபடும் வயல்களுக்குத் தனித்தனி மாதிரி அவசியம்.

பையினுள் குடியானவர் பெயர், சர்வே நம்பர், முன் பயிர், இனி இடும் பயிர் ஆகியவற்றைக் குறித்த சீட்டு இருத்தல் வேண்டும். சர்வே நம்பர் மாறினால் ஒருவர் நிலத்தின் முடிவு மற்றொருவரைச் சேரும். இதைச் சரிபார்த்து உதவுவது கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்க பேருபகாரம். அறுவடை முடிந்து அடுத்த பயிருக்கு உரமிடுமுன் உள்ள நாட்களே மாதிரி எடுக்க ஏற்ற காலம்.