மணலில் குதித்துப் பழகிய டாக்டர்

ஒலிம்பிக் தங்கமும் டாக்டர் பட்டமும் ஒரே ஆளிடம் இருந்தால் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ‘இரண்டையும் எப்படிச் சமாளித்தார்?’ என்று எழுதிவிடலாம். அமெரிக்க டைவிங் வீரர் சாமி லீ விஷயத்தில் அதைவிடப் பெரிய கேள்வி, அவர் எங்கே பழகினார் என்பது.

1920-ல் கலிஃபோர்னியாவில், கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். 1932-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் நடந்தபோதே டைவிங் ஆசை தொற்றிக்கொண்டது. பையன் டாக்டராக வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம்.

லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பசதீனாவில் அருமையான பொது நீச்சல் குளம் இருந்தது. ஆனால், வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் அனுமதி. அவர்கள் போனதும் தண்ணீரை வெளியேற்றிப் புதிதாக நிரப்புவார்கள். (1927-ல் மகாட் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்ததும் அதற்குத் தீட்டுக் கழித்த ஊர்க்காரர்கள் நாம், இதில் நமக்கு விளங்காதது எதுவும் இல்லை.) மற்ற நாட்களுக்கு? லீயின் பயிற்சியாளர் தன் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி மணல் நிரப்பினார். பலகையிலிருந்து எகிறிக் கரணம் போட்டு மணலில் இறங்கிப் பழகினான் பையன். கால்களுக்கு வலு ஏறியது அப்படித்தான். உயர்நிலைப் பள்ளியில் மாணவர் தலைவனாகவும் இருந்தான். பள்ளி நடத்திய நடன விருந்துக்குள் மட்டும் அவனை விடவில்லை.

1947-ல் மருத்துவப் பட்டம். மறு ஆண்டே லண்டனில் பத்து மீட்டர் மேடை டைவிங்கில் தங்கம். 1952-ல் ஹெல்சிங்கியில் மறுபடி தங்கம். அன்றைக்கு அவருக்கு 32-வது பிறந்தநாள். தொழிலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். மேடையிலிருந்து குதிப்பவர் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரில் விழுகிறார். செவிப்பறை கிழிவதெல்லாம் அங்கே சகஜம். துறையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்!

இவ்வளவுக்கும் பிறகு, கொரியாவில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றித் திரும்பியவருக்கு, 1955-ல் கார்டன் குரோவ் என்ற ஊரில் வீடு விற்க மறுத்தார்கள். விஷயம் செய்தியாகி நாறிய பிறகுதான் வீடு கிடைத்தது.

அவமானம்தான் அவரைச் சாம்பியன் ஆக்கியது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். கொல்லையில் குழி வெட்டித் தர ஆள் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. நீதிமன்றங்கள் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிடச் சொன்ன காலத்தில், அமெரிக்காவின் பல ஊர்களில் குளத்தையே மூடினார்கள்; சில இடங்களில் மண்ணும் கான்கிரீட்டும் கொட்டித் தூர்த்தார்கள். குளம் இல்லாததால் நீச்சல் பழகாத கறுப்பினப் பெற்றோர் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் விடப் பயந்தார்கள். அந்தப் பிள்ளையும் பெற்றோரானபோது அதே பயம். லீ 2016-ல், 96 வயதில் காலமானார். அமெரிக்க நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் கறுப்பினச் சிறுவர்களின் விகிதம், வெள்ளையினச் சிறுவர்களுடையதைவிட இன்றும் பல மடங்கு அதிகம்.