உப்பு குறைந்த ரொட்டியை வீட்டிலேயே சுடலாம்

உடல்நலம் குன்றியவருக்குப் பாலும் பிரெட்டும் கொடுப்பது நம் வீடுகளில் வெகுகாலமாக உள்ள வழக்கம். காரமில்லை, எண்ணெய் இல்லை, ஆகவே தீங்கும் இல்லை என்பது பொதுவான எண்ணம். சிறுநீரக நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இது முழுமையாகப் பொருந்தாது. ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம் என்று நாங்கள் சொன்னதும் அவற்றை விட்டுவிடுகிற பலர், காலையும் மாலையும் பிரெட்டைத் தயக்கமின்றி உண்கின்றனர். நாக்கு அதை உப்புப் பண்டமாக உணர்வதே இல்லை.

ரொட்டி சுடுவோர் பொதுவாக 100 கிராம் மாவுக்கு 2 கிராம் அளவில் உப்பு சேர்ப்பார்கள். 400 கிராம் மாவில் செய்த ரொட்டியை 16 துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டில் அரை கிராம் உப்பு இருக்கும். நான்கு துண்டில் 2 கிராம். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு இது இன்னும் முக்கியம். உப்பு கூடினால் தாகம் கூடும். தாகம் கூடினால் தண்ணீர்க் கட்டுப்பாடு குலையும். அடுத்த டயாலிசிஸுக்கு வரும்போது எடை ஏறியிருக்கும்.

வீட்டில் சுட்டால் அந்த அளவு நம் கையில் இருக்கும். நியூயார்க்கில் ரொட்டிக்கடை நடத்தும் ஜிம் லாஹியின் பிசையாத ரொட்டிச் செய்முறை 2006இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்து பரவலாயிற்று. நோயாளியைக் கவனித்துக் களைத்தவர்களுக்கும் அது ஏற்றது. பிசையும் கை செய்யும் வேலையை, ஈரம் மிகுந்த மாவில் நேரமே செய்துவிடுகிறது. நம் ஊருக்கும் நம் நோயாளிகளுக்கும் ஏற்றவாறு அளவுகளைச் சற்று மாற்றித் தருகிறோம்.

மைதா 400 கிராம், உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டி, உப்பு 3 கிராம் (அரைத் தேக்கரண்டி), தண்ணீர் 280 மில்லி. அனைத்தையும் கரண்டியால் கலந்து மூடிவைக்க வேண்டியதுதான். உப்பு ஈஸ்டின் வேகத்தை அடக்கும் பொருள். அது குறைந்தால் மாவு விரைவாகப் பொங்கும், சற்று ஒட்டவும் செய்யும். வெயில் காலத்தில் 6 மணி நேரத்திலேயே இருமடங்காகி மேலே குமிழிகள் தோன்றும். கையில் மாவு தடவிக்கொண்டு ஓரங்களை உள்நோக்கி மடித்து உருட்டி, மேலும் முக்கால் மணி நேரம் விடவும். மூடியுள்ள கனமான இரும்புச் சட்டியை 230 டிகிரி செல்சியஸ் அவனில் அரைமணி நேரம் காயவைத்து, மாவை அதில் இட்டு, மூடி 30 நிமிடமும் திறந்து 15 நிமிடமும் சுடவும். சட்டிக்குள் அடைபடும் நீராவிதான் ரொட்டியை நன்கு எழச் செய்கிறது. சர்க்கரை நோயால் கைகள் மரத்தவர்களும், ஃபிஸ்டுலா உள்ளவர்களும் அந்தச் சட்டியைத் தூக்க வேண்டாம். வீட்டில் வேறொருவர் தூக்கட்டும்.

உப்பு குறைந்த இடத்தை மணம் நிரப்ப வேண்டும். இத்தாலியின் டஸ்கனியில் மரபாக உப்பே இல்லாமல் ரொட்டி சுடுகிறார்கள். ஆனால் அதனுடன் உப்பிட்ட இறைச்சியை உண்பார்கள், ஆகவே அவர்களை நாம் பின்பற்ற இயலாது. வறுத்த சீரகம், ஓமம், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, உலர்ந்த கறிவேப்பிலை ஆகியவை நம் நாக்குக்குப் பழகியவை. எங்கள் பரிந்துரை, சிறிதளவு எண்ணெயில் பொன்னிறமாக வதக்கிய பூண்டும் மிளகும். பச்சைப் பூண்டை மிகுதியாகச் சேர்த்தால் ஈஸ்டின் வேலை தடைப்படும்; சின்ன வெங்காயமானால் நீர் வற்றும்வரை வதக்கவும். சீஸ், ஆலிவ், உப்பு வெண்ணெய் ஆகியவை குறைத்த உப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஈஸ்டுக்குப் பதில் சமையல் சோடா சேர்ப்பதும் அப்படியே; அதிலும் சோடியம் உண்டு.

'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுவதைச் சிறுநீரக நோயாளிகள் சேர்க்கவே கூடாது. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் உள்ளது. அது இரத்தத்தில் கூடினால் இதயத்துடிப்பே பாதிக்கப்படலாம். முழுக்கோதுமை மாவுக்கு மாறுமுன் உணவியல் நிபுணரைக் கேட்டுக்கொள்ளவும். சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டு ரொட்டியும் மாவுச்சத்துதான். இட்லியுடன் கூடுதலாக அன்று, இட்லிக்குப் பதிலாகவே உண்ண வேண்டும்.

முதல் ரொட்டி சப்பென்று தோன்றும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், வீட்டார் அனைவரும் அதையே உண்டால் இன்னும் எளிது. நோயாளிக்கென்று தனித்தட்டு வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

இந்த ரொட்டி நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு நாளுக்கு மேல் தாங்குவது அரிது. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் விரைவில் விறைத்துப்போகும். துண்டுகளாக்கி ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது வாட்டிக்கொள்ளவும். பூஞ்சை கண்டால், குறிப்பாகச் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் இருக்கும் வீடுகளில், அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெறியாமல் ரொட்டி முழுவதையும் எறிந்துவிடவும்.