கடல் அரிக்கும் அரிசி

கன்னியாகுமரிக்குப் போயிருக்கிறீர்களா? கடைகளில் வண்ண மணலைப் பொட்டலம் கட்டி விற்பார்கள். குமரி அம்மனின் கல்யாணம் நின்றுபோனதும், விருந்துக்கு வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாகிவிட்டது என்று ஒரு கதையும் சொல்வார்கள். அந்த மணல் நிறம் பிரிந்தது எப்படி என்று விளக்கவும் அரிசிதான் கைகொடுக்கிறது!

பாட்டி அரிசி அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரோடு சட்டியை ஆட்டி ஆட்டிச் சாய்ப்பார். லேசான அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கனமான கல் அடியில் தங்கும். கடலும் இப்படித்தான் மணலை அரிக்கிறது.

மணல் பிறந்தது மேற்குத் தொடர்ச்சி மலையில். மழைநீர் பாறைக்குள் ஊறி, வெயிலும் சேர்ந்துகொள்ள, பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமம் மெல்லமெல்லக் களிமண்ணாக மாறிவிடுகிறது. குவார்ட்ஸ், இல்மனைட், கார்னெட் போன்றவை அழுத்தக்காரர்கள், எளிதில் மாறுவதில்லை. பாறை உதிர்ந்ததும் அவை மணலாகி, வள்ளியாறு போன்ற ஆறுகளில் உருண்டு கடலுக்கு வருகின்றன.

அலை வேகமாக ஏறி வரும்போது எல்லா மணலையும் அள்ளி வருகிறது. திரும்பும்போது கொஞ்சம் நீர் மணலுக்குள் இறங்கிவிடுவதால் வேகம் குறைகிறது. அப்போது லேசான மணலைத்தான் இழுத்துப் போக முடியும். வெளிர்நிறக் குவார்ட்ஸ், அதே அளவு நீரைவிடச் சுமார் 2.65 மடங்கு கனம். கறுப்பு இல்மனைட்டோ சுமார் 4.7 மடங்கு! அதனால் வெளிர் மணல் போகிறது, கறுப்பு தங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை பெரிதாகும், அரிப்பும் மும்முரமாகும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை கறுத்துக் கிடப்பது இதனால்தான்.

இந்த மணலின் மதிப்பு தெரிந்த கதை வேடிக்கையானது. இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிய தென்னை நாரில் மணல் ஒட்டியிருந்தது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதில் மோனசைட் கனிமத்தைக் கண்டார். அதிலுள்ள தோரியம், அக்காலத்து காஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலைச் செய்யத் தேவைப்பட்டது. இன்னொரு வேடிக்கை: கறுப்பு இல்மனைட்டிலுள்ள டைட்டானியத்திலிருந்துதான் வெள்ளை பெயின்ட்டுக்கான நிறப்பொடி கிடைக்கிறது.

அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், ஈர மணலில் அலை விட்டுப்போன கறுப்புக் கோடுகளைத் தேடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து, தட்டில் நீர் விட்டு, பாட்டியைப்போல் ஆட்டிச் சாயுங்கள். கடைசியில் தட்டில் என்ன நிறம் மிஞ்சுகிறது?