கீசர் ஒழுகுதா? ரிப்பேர் பண்றதா... புதுசு வாங்குறதா? கடலோர வீடுகளுக்கு ஒரு கணக்கு

ராமநாதபுரம்,

மதுரையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் 10 வருஷம், 12 வருஷம் ஓடுகிற கீசர், ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை பக்கம் கொண்டுவந்து மாட்டினால் நாலைந்து வருஷத்தில் கையை விரித்துவிடுகிறது. ‘எலிமென்ட் போச்சு’ என்று ஒரு தடவை. ‘தெர்மோஸ்டாட் போச்சு’ என்று அடுத்த தடவை. மூணாவது தடவை மெக்கானிக் வரும்போது, ‘இதை சரி பண்றதா, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குறதா’ என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும்.

வெயில் கொளுத்தும் ஊரில் கீசர் எதுக்கு என்று வெளியூர்காரர்கள் சிரிப்பார்கள். சித்திரை மாசம் மொட்டை மாடி டேங்க் தண்ணீரில் மதியம் கை வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஐப்பசி மழை பிடித்தால் தை வரைக்கும் விடியற்காலையில் வாடைக்காற்று சும்மா விடாது. வீட்டில் வயசானவர்கள், பிள்ளை பெத்த பொண்ணு, கைக்குழந்தை இருந்தால் வெந்நீர் இல்லாமல் முடியாது. ராமேசுவரம் லாட்ஜ்களில் கேட்கவே வேண்டாம். அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ரூமுக்கு வரும் பக்தர்கள் முதலில் கேட்பது வெந்நீர்தான்.

என் வீட்டு கதை

நம்ம வீட்டு கீசர் 15 லிட்டர். வாங்கி அஞ்சு வருஷம் ஆகியிருந்தது. ரெண்டு தடவை எலிமென்ட் மாற்றியாச்சு. தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருந்த நேரம், ஒருநாள் காலையில் அம்மா பைப்பை திறந்தவர் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார். ‘சுர்ருனு இழுக்குதுடா’ என்றார். அந்த பாத்ரூமில்தான் பச்சைக் குழந்தையை குளிப்பாட்டுகிறோம். எனக்கு குலை நடுங்கிவிட்டது.

தெரிந்த எலக்ட்ரீஷியன் பாய் வந்து பார்த்தார். எலிமென்ட்டை கழற்றி வெளியே எடுத்தால், சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக ஒரு விரல் தடிமனுக்கு உப்பு. அதுக்குள்ளே உறை வெடித்திருந்தது. ‘தம்பி, இதை மாத்தினா சூடாகும். ஆனா இழுத்ததுக்கு காரணம் இது மட்டும் இல்ல. வாங்க, எர்த்தை பார்ப்போம்’ என்று கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். எர்த் குழியில் தோண்டினால், இரும்பு பைப் அடியில் துருப்பிடித்து கையோடு உதிர்ந்து வந்தது. எலிமென்ட் உடைந்து தண்ணீரில் கரண்ட் கசிந்தால், அதை மண்ணுக்குள் இறக்கவேண்டிய எர்த்தே இல்லை. அப்புறம் அது ஆள் வழியாகத்தான் இறங்கும்.

அன்றைக்கே எர்த் புதுசாக போட்டோம். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டினோம். வீட்டில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்ச் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கரண்ட் அளவுக்கு மேல் பாய்ந்தால்தான் விழும். ஆள் உடம்பு வழியாக கசிகிற கொஞ்சூண்டு கரண்ட்டை அது கண்டுகொள்ளாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்த கசிவுக்கே சட்டென்று விழுந்துவிடும். ரிப்பேரா, புதுசா என்ற கேள்விக்கு முன்னால் பார்க்கவேண்டியது இதுதான். எர்த் இல்லாத வீட்டில் புதுசு மாட்டினாலும் ஆபத்து ஆபத்துதான்.

எல்லாத்துக்கும் காரணம் தண்ணீர்

நம்ம கடற்கரை மணலில் மழைத்தண்ணீர் லேசாக இருப்பதால் மேலே மிதக்கும். கடல்தண்ணீர் கனமாக இருப்பதால் அடியில் கிடக்கும். தனுஷ்கோடி பக்கம் மணலை கையால் தோண்டி ஊத்துத் தண்ணீரை சிரட்டையில் மொண்டு எடுப்பது இதனால்தான் நடக்கிறது. மேலாப்பில் தோண்டினால் நல்ல தண்ணீர். போர் போட்டு ஆழமாக உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறி வந்துவிடும்.

குடிநீருக்கான இந்திய தர அளவுப்படி, ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு 500 மில்லி கிராமுக்குள் இருக்கணும். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். கடினத்தன்மைக்கு இதே மாதிரி 200, 600 என்று ரெண்டு அளவு. கடலோரத்தில் குடிக்க காவிரி தண்ணீரை குடம் குடமாக பிடித்து வைக்கிறோம். பாத்ரூமுக்கு மோட்டார் போட்டு ஏற்றுவதோ போர் தண்ணீர். கீசருக்குள் போவது அதுதான்.

தண்ணீர் சூடானால் அதில் இருக்கும் சுண்ணாம்பு எலிமென்ட் மேல் படிகிறது. ‘உப்பு படிஞ்சா கரண்ட் பில் எகிறிடும்’ என்று சொல்லி பயமுறுத்துவார்கள். அது பெரிதாக இல்லை. 2,000 வாட் எலிமென்ட் 2,000 வாட்தான் இழுக்கும், அந்த சூடும் தண்ணீருக்குள்தான் போகும். பிரச்சினை வேறு. உப்பு ஓடு சூட்டை வெளியே விடாமல் அடைப்பதால் எலிமென்ட் உள்ளுக்குள்ளேயே காய்ந்து வெடிக்கிறது. தண்ணீரில் இருக்கும் குளோரைடு உப்பு இன்னொரு பக்கம் டேங்கை அரிக்கிறது. கடற்காற்று வெளிப்பக்க தகரத்தை தின்கிறது. ஆக மூணு பக்கமும் அடி.

எது ரிப்பேர் ஆகும்? எது ஆகாது?

எலிமென்ட், தெர்மோஸ்டாட், சூடு மிஞ்சினால் அணைக்கும் கட்-அவுட், ரப்பர் கேஸ்கட், வால்வு, இணைப்பு பைப், ஒயர்... இவை எல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள். இதில் எது போனாலும் கீசரை தூக்கிப்போட வேண்டியதில்லை. எனக்கு எலிமென்ட் மாற்ற கூலியோடு 1,000 ரூபாய்க்குள்தான் ஆனது.

உள் டேங்க் ஓட்டையானால் கதை முடிந்தது. சில பேர் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்த டேங்க் மற்ற இடத்திலும் மெலிந்துதான் இருக்கும். உள்ளே அழுத்தத்தோடு சுடுதண்ணீர் நிற்கிற சாமான் அது. கண்ணாடிப் பூச்சு டேங்க் என்றால் வெல்டிங் சூட்டில் பூச்சே பெயர்ந்துவிடும். கொடுக்கிற காசு தண்டம்.

ஒழுகினாலே டேங்க் போச்சு என்று முடிவு கட்டவும் கூடாது. எங்கிருந்து சொட்டுகிறது என்று பாருங்கள். சூடாகும் நேரத்தில் மட்டும் வால்விலிருந்து சொட்டினால், அது தண்ணீர் விரிவதால் வருவது. வால்வோட வேலையே அதுதான். அதை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். பைப் சேரும் இடத்தில் சொட்டினால் இணைப்பு. எலிமென்ட் மாட்டியிருக்கும் தட்டில் சொட்டினால் கேஸ்கட். இது எதுவும் இல்லாமல் உடம்புக்கு அடியில் மூடி இடுக்கு வழியாக துருத்தண்ணீர் சொட்டினால்தான் டேங்க்.

இன்னொன்று. ராத்திரி நேரத்தில் தண்ணீர் சூடு ஏறவில்லை என்றதும் எலிமென்ட் மேல் பழி போடுவார்கள். வோல்டேஜை பாருங்கள். 230-க்குப் பதில் 180 வோல்ட்தான் வருகிறது என்றால், 2,000 வாட் எலிமென்ட் சுமார் 1,225 வாட்தான் வேலை செய்யும். கால் மணி நேரத்தில் சூடாவதற்கு கிட்டத்தட்ட 25 நிமிஷம் ஆகும். நல்ல எலிமென்ட்டை கழற்றி குப்பையில் போட்டவர்கள் நிறைய பேர்.

யாருக்கும் தெரியாத கம்பி

கீசருக்குள் எலிமென்ட் பக்கத்திலேயே மக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். ஆனோடு ராடு என்பார்கள். டேங்கை அரிக்க வருகிற உப்புத் தண்ணீர் முதலில் இந்த கம்பியை தின்னும். கம்பி இருக்கும் வரை டேங்குக்கு சேதம் குறைவு. இரும்புக் கப்பல் அடியில் துத்தநாகக் கட்டி வைக்கிறார்களே, அதே வித்தைதான். நல்ல தண்ணீர் ஊரில் ரெண்டு மூணு வருஷம் வரும் கம்பி, உப்புத் தண்ணீரில் சீக்கிரமே கரைந்துவிடும். அதுக்கப்புறம் தண்ணீர் டேங்கை பிடிக்கும்.

நம்ம வீட்டில் அஞ்சு வருஷத்தில் ஒரு தடவை கூட அதை மாற்றவில்லை. எலிமென்ட் மாற்ற ரெண்டு தடவை வேறு வேறு ஆள் வந்தும் யாரும் சொல்லவில்லை. பாய் கழற்றியபோது நூல் மாதிரி ஒரு கம்பித்துண்டுதான் மிச்சம். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து, கம்பி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடணும். எலிமென்ட்டில் படிந்த உப்பை வினிகரிலோ எலுமிச்சை உப்பிலோ ஊறப்போட்டு எடுக்கலாம். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றாதீர்கள். உப்போடு உலோகமும் போய்விடும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காமல் இருந்தாலே படிவது குறையும்.

பாம்பன் பாலம் சொன்ன கணக்கு

நம்ம ஊரில் இந்த ரிப்பேரா-புதுசா கேள்வியை ரயில்வே துறையே பல வருஷம் போட்டுப் பார்த்திருக்கிறது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம், 1964 டிசம்பர் புயலில் பிய்த்துக்கொண்டு போனபோது ஸ்ரீதரன் தலைமையிலான என்ஜினீயர்கள் 46 நாளில் சரி செய்தார்கள். 2007-ல் பலப்படுத்தி அகல ரயில் விட்டார்கள். துருவை சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் ஓயாமல் நடந்தது. கடைசியில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதியே பழுதானதும், 2022 டிசம்பர் 23 முதல் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ந் தேதி பக்கத்திலேயே புதுப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு உப்புக்காற்றை தாங்கும் தனி பெயிண்ட், துருப்பிடிக்காத கம்பி என்று பார்த்துப் பார்த்து போட்டிருக்கிறார்கள். உதிரி போனவரை ரிப்பேர் பார்த்தார்கள். உடம்பே போனதும் மாற்றினார்கள்.

கடையில் பொதுவாக சொல்கிற கணக்கு ஒன்று உண்டு. ரிப்பேர் செலவு புதுசு விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கு என்பது. நம்ம பகுதிக்கு இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். ஒரே வருஷத்தில் ரெண்டு தடவை எலிமென்ட் போனால், எலிமென்ட்டை விட்டுவிட்டு தண்ணீரையும் ஆனோடு கம்பியையும் பாருங்கள். அதை சரி செய்யாமல் புதுசு வாங்கினால் அந்தப் புதுசும் அதே வழியில்தான் போகும்.

‘பழசு கரண்ட் தின்னும், 5 ஸ்டார் வாங்குங்க’ என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி நல்ல கீசரை மாற்றவேண்டாம். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடாக்க சுமார் அரை யூனிட் கரண்ட். அதற்கு 2,000 வாட் கீசரில் கால் மணி நேரம் ஆகும். இது 1 ஸ்டாரிலும் 5 ஸ்டாரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சுட்ட தண்ணீர் எவ்வளவு நேரம் ஆறாமல் நிற்கிறது என்பதில்தான் ஸ்டாரின் வித்தியாசம். குளிக்க கால் மணி நேரம் போட்டு அணைக்கும் வீட்டில் அது பெரிய மிச்சம் தராது. நாள் முழுக்க சுவிட்ச் போட்டே வைத்திருக்கும் லாட்ஜுக்கு கண்டிப்பாக தரும்.

புதுசு வாங்கினால்...

‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருவே பிடிக்காது’ என்பது உப்புத் தண்ணீரில் எடுபடாது. சாதாரண 304 ரகத்தில் குளோரைடு ஊசி ஊசியாக துளை போடும். கண்ணாடிப் பூச்சு டேங்க், தடிமனான ஆனோடு கம்பி, இன்கலாய் எலிமென்ட், பிளாஸ்டிக் வெளி உடம்பு, இந்த நாலும் உள்ளதாக கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்டணும். வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் தண்ணீரின் கடினத்தன்மை பற்றி நிபந்தனை போட்டிருப்பார்கள், பணம் கொடுக்கும் முன்னால் அதை படியுங்கள். ‘உங்க தண்ணி உப்பு, வாரண்டி கிடையாது’ என்று பிறகு கையை விரித்தால், பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

கியாஸ் கீசர் மலிவு என்று ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள் மாட்டுகிறார்கள். அது காற்றை தின்று கார்பன் மோனாக்சைடு விடும். நிறமில்லை, வாடையில்லை. குளிக்கப்போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். மாட்டினால் வெளிச்சுவரில் மாட்டணும். வாளியில் போடும் ஹீட்டர் ராடு வைத்திருப்பவர்கள், பிளக்கை பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்கணும்.

நம்ம வீட்டு முடிவையும் சொல்லிவிடுகிறேன். டேங்க் நன்றாக இருந்ததால் எலிமென்ட், ஆனோடு கம்பி, கேஸ்கட் மூணையும் மாற்றி ரிப்பேரோடு நிறுத்திக்கொண்டோம். அடுத்த எட்டாவது மாசம் அடியில் துருத்தண்ணீர் சொட்டியது. அதுக்கப்புறம் புதுசு. கம்பியை மூணு வருஷம் முன்னாலேயே மாற்றியிருந்தால் டேங்க் தப்பியிருக்கும் என்று பாய் சொன்னார்.

ரெண்டுக்கும் நடுவில் நாலு நாள் கீசர் இல்லை. அம்மா பரணில் கிடந்த செம்பு பாய்லரை இறக்கச் சொன்னார். நடுவில் குழாய் வைத்து, அதில் கரியைப் போட்டு எரிக்கிற பழைய பாய்லர். பாட்டி காலத்தில் ரெண்டு தடவை பத்தவைத்த ஒட்டு இன்னும் தெரிகிறது. பழைய ஒட்டுகளில் ஈயம் இருக்கும் என்பதால் அந்த தண்ணீரை குடிக்கவோ சமைக்கவோ கூடாது, குளிக்க மட்டும்தான். சீமைக்கருவேலக் கரிக்கு நம்ம மாவட்டத்தில் பஞ்சமா? கொல்லையில் வைத்து மூட்டினோம். குழந்தை குளித்துவிட்டு நன்றாக தூங்கியது. பழைய செம்புக்கு நல்ல விலை என்று ஒரு பாத்திரக்கடைக்காரர் கேட்டு அனுப்பினார். அம்மா கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.